நூறு மில்லிகிராமும் ஓர் அட்டையும்

கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்து வந்தவரை எங்கள் பக்கம் மறுபிறவி எடுத்தவராகவே பார்ப்பார்கள். தேனி மாவட்டத்தில் எங்கள் ஊரான தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரம் வரை நீளும் மானாவாரிக் காடுகளும், கரடும், வேலியோரக் கற்குவியல்களும் அந்தப் பாம்புக்குப் பிடித்த இடங்கள். கடிபட்டவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றி, சிறுநீர் பிரிகிறதா என்று நாள்கணக்கில் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால், கண்டம் தப்பியது என்று எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். சிலருக்கு மட்டும் அதற்குப் பிறகு இன்னொரு நோய் மெதுவாகத் தலைகாட்டுகிறது. மாதங்கள் கழித்து வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். எழுந்து நடமாட முடியாத அசதி. முகம் வெளிறுகிறது. ஆணுக்குத் தாடி வளர்வது குறைகிறது, பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகிறது. ஒருநாள் சாதாரணக் காய்ச்சலிலேயே ரத்த அழுத்தம் இறங்கி நினைவு தப்புகிறது. எப்போதோ பாம்பு கடித்ததை அந்த நேரத்தில் யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதானே தோன்றும்?

சம்பந்தம் இருக்கிறது. விரியனின் விஷம் ரத்தம் உறைகிற முறையையே குலைத்துவிடும். மூளைக்கு அடியில் அரை கிராம் எடைகூடப் பெரிதாகத் தாண்டாத பிட்யூட்டரி என்ற சுரப்பிக்குள் ரத்தம் கசிந்தோ உறைந்தோ, அது அழிந்துபோகலாம். அந்தச் சுரப்பி கட்டளை அனுப்பினால்தான் இரண்டு சிறுநீரகங்களின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசோலைச் சுரக்கும். கட்டளை நின்றால் கார்டிசோல் நிற்கும். 1976ல் சி.கே. ஈப்பனும் அவரோடு பணியாற்றிய இந்திய மருத்துவர்களும் விரியன் கடிக்குப் பின் வரும் இந்தக் குறைபாட்டை எழுதி வைத்தார்கள். 1987ல் பர்மாவிலிருந்து லான்செட் இதழில் விரிவான அறிக்கை வந்தது. 2011ல் இலங்கையின் முதல் நோயாளியைப் பற்றிய கட்டுரை வெளியானது. பிரசவத்தில் அளவு மீறி உதிரம் போன தாய்மாருக்கும் இதே கதி நேர்வதை 1937லேயே ஹரால்டு ஷீஹன் எழுதியிருந்தார். ‘பிள்ளை பெத்ததிலிருந்தே இவ இப்படித்தான், பாலே ஊறல’ என்று மாமியார் சொல்லும் குறைக்குள் ஒரு நோயின் முதல் அடையாளம் ஒளிந்திருக்கலாம்.

இந்த நோயாளி மயங்கிக் கிடக்கும்போது அவர் உயிரைக் காப்பது ஒரு சிறு கண்ணாடிக் குப்பி. உள்ளே வெள்ளைத் தூளாக நூறு மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன், அதாவது மருந்து வடிவில் கார்டிசோல் என்ற ஸ்டீராய்டு. ஊசிக்கான தண்ணீர் விட்டுக் கலக்கித் தொடையிலோ நரம்பிலோ போடுவார்கள். மூச்சிரைப்புக்கும் ஒவ்வாமைக்கும் அதைத்தான் போடுவதால், பாம்புக்கடி மருந்து இருக்கிற அலமாரியில் அதுவும் இருக்கும். விலையும் அதிகமில்லை. அப்படியிருந்தும் ஆட்கள் சாகிறார்கள் என்றால், குறை மருந்தில் இல்லை. எதிரில் கிடப்பவருக்கு அது வேண்டும் என்று அலமாரியைத் திறக்கிறவருக்குத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்ததுதான் ஸ்டீராய்டு அவசர அட்டை. குப்பியும் அட்டையும் ஒன்றையடுத்து ஒன்றாகப் பிறந்த கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அட்ரினல் சுரப்பிகளை உடற்கூறு ஆய்வாளர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார்கள். எதற்கு இருக்கின்றன என்பதுதான் முந்நூறு வருடம் யாருக்கும் விளங்கவில்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் அடிசன் என்ற மருத்துவர், காரணம் தெரியாமல் மெலிந்து, தோல் கருத்து, இதயத் துடிப்பு சோர்ந்து இறந்துபோனவர்களைப் பிரேதப் பரிசோதனை மேசையில் கவனித்துக்கொண்டே வந்தார். 1855ல் பதினொரு நோயாளிகளின் வரலாற்றை வண்ணப் படங்களோடு நூலாக வெளியிட்டார். கெட்டுப்போயிருந்த உறுப்பு அட்ரினல். கெடுத்தது பெரும்பாலும் காசநோய். அடுத்த வருடமே பாரிசில் பிரவுன்-செக்கார் விலங்குகளின் இரண்டு அட்ரினல்களையும் எடுத்துப் பார்த்தார். அவை எல்லாம் விரைவிலேயே இறந்தன. இல்லாமல் வாழ முடியாத உறுப்பு என்பது அன்று உறுதியானது. பிரெஞ்சு மருத்துவர் துரூசோ அந்த நோய்க்கு அடிசனின் பெயரையே வைத்தார்.

காசநோய் இன்று மேற்கு நாடுகளில் அட்ரினலைக் கெடுக்கும் பெரிய காரணமில்லை. அங்கே உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் அதிகம். நம் நாட்டில் டிபி இன்னும் போகவில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அதனால் அடிசன் எழுதியது நமக்குப் பழங்கதையாகிவிடவில்லை. அதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரை, கார்டிசோலைக் கல்லீரல் வேகமாகக் கரைத்து வெளியேற்றும்படி செய்துவிடும். அரைகுறையாய் ஓடிக்கொண்டிருந்த அட்ரினல் உள்ளவர், சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் திடீரென்று தளர்ந்து விழலாம். ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று வீட்டார் டிபி மருந்தை நிறுத்துகிறார்கள். நிறுத்த வேண்டியது அதை இல்லை. சேர்க்க வேண்டியது ஹைட்ரோகார்டிசோனை.

தோல் கருப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அட்ரினலே கெட்டுப்போனவர்களுக்கு உடம்பு கருக்கும். பிட்யூட்டரி கெட்டவர்களுக்கு இதற்கு மாறாக வெளிறும். வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரிகிற கருப்பு நம்மில் தெரியாது. ‘வெயிலில் வேலை பார்த்துக் கருத்துட்டான்’ என்று விட்டுவிடுவோம். ஆனால் எங்கள் ஆட்கள் வேலைக்குப் போகிற மலைமேல் ஏலச்செடி மர நிழலில் வளர்வது. நாளெல்லாம் அந்த நிழலில் குனிந்து காய் எடுக்கிறவருக்கு உள்ளங்கை ரேகை கருக்கிறது, ஈறும் நாக்கும் கருநீலத் திட்டாகிறது, விரல் முட்டியும் பழைய தழும்பும் கருக்கிறது என்றால் வெயிலைச் சொல்லி என்ன பயன்? கூடவே எடை குறைவு, வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், உப்புக்கு நாக்கு ஏங்குவது. ஊறுகாயையும் உப்பையும் தேடித் தேடித் தின்கிறவரைக் கண்டித்து நிறுத்துவதற்கு முன், காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்துக் கார்டிசோல் அளவைப் பார்க்கச் சொல்வது புத்திசாலித்தனம்.

அந்த உப்பு ஏக்கத்தில்தான் முதல் சிகிச்சை பிறந்தது. 1930களின் தொடக்கத்தில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லோப், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறுவதைக் கண்டார். உப்பைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார். தேறினார்கள், கொஞ்ச காலத்துக்கு. அதே சமயத்தில் பிரின்ஸ்டனில் ஸ்விங்கிளும் ஃபிஃப்னரும் மாட்டு அட்ரினலின் புறணியிலிருந்து சாறு எடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் வேலை செய்தது. ஆனால் ஒரு நோயாளியை வாழவைக்க எத்தனை மாடு வேண்டும்? சாற்றுக்குள் இருந்த பொருள் எது என்று தெரிந்து, அதை ஆலையில் செய்யும் வழி தெரியாதவரை அது மருந்தாகாது.

மேயோ கிளினிக்கில் எட்வர்டு கெண்டலும் சுவிட்சர்லாந்தில் ததயூஸ் ரைஷ்டைனும் தனித்தனியாக அந்தச் சாற்றைப் பிரித்தார்கள். டன்கணக்கான சுரப்பிகளிலிருந்து கிராம்கணக்கில் படிகங்கள் கிடைத்தன. கெண்டல் அவற்றுக்கு ஏ, பி, இ, எஃப் என்று எழுத்து வைத்தார். அதில் ‘இ’தான் பின்னால் கார்டிசோன், ‘எஃப்’தான் நம் குப்பிக்குள் இருக்கும் ஹைட்ரோகார்டிசோன். மெர்க் நிறுவனத்தில் லூயி சாரெட் மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் ‘இ’யைச் செய்து காட்டினார். இத்தனை உழைப்பும் அடிசன் நோயாளிகளை மனத்தில் வைத்துத் தொடங்கியது. ஆனால் அந்த நோயாளிகள் மிகச் சிலர். சிலருக்காக இவ்வளவு செலவா என்ற தயக்கம் கம்பெனிக்கு இருந்தது. அரிய நோய் வந்தவர்கள் எல்லாக் காலத்திலும் கேட்கிற கேள்வி அது.

1948 செப்டம்பர் 21 அன்று கெண்டலின் நண்பர் பிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் எழ முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு அந்த மருந்தை ஊசியாகப் போட்டார். சில நாட்களிலேயே அவர் வலியில்லாமல் நடந்தார். செய்தி உலகெங்கும் பரவியது. 1950ல் கெண்டல், ரைஷ்டைன், ஹெஞ்ச் மூவருக்கும் நோபல் பரிசு. 1952ல் அப்ஜான் நிறுவனத்தின் பீட்டர்சனும் மரேயும், பழைய ரொட்டியில் பூக்கும் ரைசோபஸ் இனப் பூஞ்சணத்தைக் கொண்டே மிகக் கடினமான வேதியியல் படியை ஒரே தாவலில் தாண்டினார்கள். மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து மூலப்பொருள் வந்தது. விலை மளமளவென்று சரிந்தது. அரிதான நோய்க்குத் தேடிய மருந்து, மூட்டுவலிக்காரர்கள் கோடிக்கணக்கில் இருந்ததால்தான் மலிவானது. அடிசன் நோயாளிகளுக்கு அது பெரிய வரம். அதை மறுக்க முடியாது.

அந்த வரமே இன்னொரு கூட்டம் நோயாளிகளை உண்டாக்கியது. அட்டையின் கதை தொடங்குவது இங்கேதான்.

1952ல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் ஃபிரேசர், பிரூஸ், பிக்ஃபோர்டு என்ற மூன்று மருத்துவர்கள் ஒரு மரணத்தைப் பதிவு செய்தார்கள். இறந்தவருக்கு வயது 34. முடக்குவாதத்துக்காக மாதக்கணக்கில் கார்டிசோன் சாப்பிட்டு வந்தவர். அறுவை சிகிச்சைக்கு முன் மருந்து நிறுத்தப்பட்டது. அறுவை முடிந்த சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்தது, எதைக் கொடுத்தும் ஏறவில்லை. திறந்து பார்த்தால் அட்ரினல்கள் சுருங்கிப்போயிருந்தன. வெளியிலிருந்து மருந்தாகக் கார்டிசோன் வந்துகொண்டே இருந்ததால், உடம்பு தன் சுரப்பியை வேலையில்லாமல் உறங்கவிட்டிருந்தது. மருந்தை நிறுத்தியவுடன் அது எழவில்லை. கத்தி பட்ட உடம்புக்குப் பல மடங்கு கார்டிசோல் தேவைப்பட்ட நேரத்தில் ஒரு துளியும் இல்லை. அடுத்த வருடமே இதேபோல் இன்னொரு மரணம் பதிவானது.

அடிசனின் நோயாளிகளுக்கும் இவருக்கும் நேர்ந்தது ஒன்றுதான்: கார்டிசோல் இல்லாமை. அதிலிருந்து மருத்துவம் ஒரு விதியைக் கற்றுக்கொண்டது. ஸ்டீராய்டில் வாழ்கிறவருக்கு அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. காய்ச்சல், அடிபடுதல், அறுவை என்று உடம்பு நெருக்கடியைச் சந்திக்கும்போது கூட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து அந்த விதிக்குச் சோதனை வந்தது. 1954ல் நியூயார்க்கில் அடிசன் நோயுள்ள 37 வயதுக்காரர் ஒருவருக்கு முதுகெலும்பில் பெரிய அறுவை நடந்தது. ஸ்டீராய்டு காப்பு கொடுத்துச் செய்தார்கள். தொற்று கண்டு சாவின் விளிம்பு வரை போனார், பிழைத்தார். மறுவருடம் அறுவைசிகிச்சை இதழொன்றில் பெயர் சொல்லாமல் அந்த நோயாளியின் வரலாறு வந்தது. அவர் ஜான் கென்னடி. 1947ல் லண்டனில் நோய் கண்டறியப்பட்டபோது ஒரு வருடம்கூடத் தாங்கமாட்டார் என்று சொல்லப்பட்டவர், 1961ல் அமெரிக்க ஜனாதிபதியானார். தன் நோயை அவர் வெளியில் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவரைச் சுற்றி எப்போதும் டாக்டர்கள் இருந்தார்கள், அட்டை தேவைப்படவில்லை. மற்றவர்களுக்குத் தேவைப்பட்டது.

பிரிட்டனில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் பையில் வைத்துக்கொள்ள நீல நிற அட்டை கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1984ல் டியானா கென்வர்ட் அங்கே அடிசன் நோயாளிகளுக்கான சுய உதவிக் குழுவைத் தொடங்கினார். நோயாளிகளும் வீட்டாரும் தாங்களே ஊசி போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இத்தகைய குழுக்கள் விடாமல் சொன்ன விஷயம். 2016ல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, அட்டையையும் ஊசிப் பையையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்தது. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, அட்ரினல் நெருக்கடியில் உயிர் போவதைத் தடுக்க நோயாளிப் பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்து, சிவப்பு நிற அவசர அட்டையைக் கொண்டுவந்தது. நீல அட்டை நோயாளிக்குச் சொன்னது. சிவப்பு அட்டை முன்பின் தெரியாத மருத்துவருக்குச் சொல்கிறது: முதலில் ஊசியைப் போடு, பரிசோதனை பிறகு.

அந்த ஒரு வாக்கியம் உருவாகக் குப்பி பிறந்து எழுபது வருடம் ஆயிற்று. நம் பக்கம் அது இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அட்டை தேவைப்படுகிறவர்களுக்கு இங்கே குறைவில்லை. 1952ன் அந்தப் பதிவில் இறந்த மனிதரைப் போன்றவர்கள் நம் ஊர்களில் நிறைய. முழங்கால் வலிக்கு, முதுகு வலிக்கு, இரைப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் ‘ஒரு செட் மாத்திரை’ கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். பொட்டலத்தில் இருக்கும் குட்டி மாத்திரை டெக்ஸாமெத்தசோனா பீட்டாமெத்தசோனா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. வலி போய்விடுகிறது, பசி எடுக்கிறது, முகம் உப்பிப் ‘பூசினாப்புல’ ஆகிறது. நாட்டு மருந்து என்று விற்கும் சில பொடிகளிலும் ஸ்டீராய்டைக் கலக்கிறார்கள். பிறகு ஒருநாள் காசில்லை, அல்லது யாரோ ‘அது கெட்ட மருந்து’ என்று பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடுகிறார். நாலு நாளில் வாந்தி, வயிற்றுவலி, மயக்கம். மாத்திரையைத் தொடங்கியது தவறாக இருக்கலாம். ஒரேயடியாக நிறுத்துவதுதான் கொல்வது. மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் அதிலிருந்து இறங்க முடியும்.

பிறக்கும்போதே இந்தக் குறையோடு வருகிற குழந்தைகளும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் லட்சம் சிசுக்களுக்கு மேல் சோதித்தபோது, பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்ற கோளாறு 5,762 பேரில் ஒருவருக்கு இருந்தது; சென்னையில் மட்டும் 2,036க்கு ஒன்று. உறவுக்குள் திருமணம் செய்கிற வழக்கத்தை இதோடு சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்தக் கோளாறு வெளிப்படும். கடுமையான வகையில் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் குழந்தை பால் குடிக்காமல் வாந்தி எடுத்து, உப்பு இறங்கிச் சுருண்டுவிடும். உப்பைப் பிடித்து வைக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரை இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022ல்தான் சேர்ந்தது. தாமதமாகச் சேர்ந்தாலும் நல்ல காரியம்.

தேவாரத்துக்கென்று ஒரு சிக்கல் தனியாக இருக்கிறது. விடிவதற்கு முன்பே இங்கிருந்தும் கோம்பை, போடி, கம்பத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றன. பொழுது சாயும்போது இறங்கி வருகின்றன. நோயாளியின் சீட்டும் கோப்பும் தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும். ஆள் மயங்கி விழுவது உடும்பன்சோலை தாலுகாவில். பக்கத்து ஆஸ்பத்திரி நெடுங்கண்டத்தில். அங்கே இருக்கும் நர்ஸ் மலையாளத்தில் கேட்பார். கூட வந்தவருக்கு ‘ஏதோ சுரப்பி கோளாறுனு மாத்திரை சாப்பிடுறா’ என்பதற்கு மேல் தெரியாது. குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அலமாரியில் குப்பி இருக்கும்.

ஆகவே இங்கே அட்டை வந்தால் அது தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகிறார்கள். ஸ்டீராய்டில் இருப்பவர் யார், விரியன் கடித்துப் பிழைத்தவர் யார், பிரசவத்தில் உதிரம் கொட்டியவர் யார் என்று அந்த வாசல்களிலேயே கேட்டுக் குறித்துவிடலாம். நாலு கேள்வி, புதுத் துறை எதுவும் வேண்டாம். காசநோய்ப் பிரிவில் மாத்திரை வாங்க வருகிறவரிடமும் உள்ளங்கையைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

அட்டையில் இவ்வளவு இருந்தால் போதும்:

‘எனக்கு அட்ரினல் குறைபாடு உள்ளது. நான் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும். ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் என் மருத்துவர் சொன்னபடி இரண்டு மூன்று நாள் அளவை இரட்டிப்பாக்குவேன். வாந்தி, பேதி, விபத்து, மயக்கம் என்றால் மாத்திரை போதாது. உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. தசையிலோ நரம்பிலோ போடவும், சலைன் ஏற்றவும், சர்க்கரை அளவைப் பார்க்கவும். ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்கும் பல் பிடுங்குவதற்கும் முன் இதை மருத்துவரிடம் காட்டவும்.’

இது பெரியவர்களுக்கான அளவு. குழந்தைகளுக்கு வயதைப் பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். கீழே நோயாளியின் பெயர், மாத்திரையின் பெயரும் அளவும், வீட்டு எண், பார்க்கிற மருத்துவமனை. அட்டையை மூன்று பிரதி எடுத்து ஒன்றை நோயாளி மணிபர்சிலும், ஒன்றை ஜீப் ஓட்டுநரும், ஒன்றைத் தோட்டத்துக் கங்காணியும் வைத்துக்கொள்ள வேண்டும். குப்பிக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை, சூடு படாத இடம் போதும். ஒரு குப்பியும் சிரிஞ்சும் ஊசித் தண்ணீரும் சாப்பாட்டுத் தூக்கோடு மலை ஏறலாம். தொடையில் போடுவது எப்படி என்று வீட்டில் ஒருவருக்கும், தோட்டத்தில் கூட வேலை பார்க்கிற ஒருவருக்கும் ஆஸ்பத்திரி நர்ஸே கற்றுக்கொடுத்துவிடலாம்.